மண்டபத்தில் இருந்தவர் எத்தனை இட்லி சாப்பிட்டார்?

“இன்று நான் இரண்டு சிகரெட் குடித்த அளவுக்கு மாசைச் சுவாசித்திருக்கிறேன் என்று என் செல்போன் செயலி சொல்கிறது. நம்பலாமா?” படாளம் வாசகர் ஒருவரின் கேள்வி இது.

சிகரெட் கணக்கைத் தள்ளிவையுங்கள். கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள காற்றில் ஒரு நாள் இருந்தால் ஒரு சிகரெட் என்பது அமெரிக்காவின் பெர்க்லி எர்த் அமைப்பு போட்ட தோராயம். மிரட்ட உதவும், அளக்க உதவாது.

செல்போனுக்கு மூக்கு இல்லை. நீங்கள் எங்கே, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை ஜி.பி.எஸ். மூலம் குறித்து, அந்த இடத்துக்கு மாசு வரைபடம் தரும் எண்ணோடு பெருக்குகிறது. ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருந்தால் அதுவே நல்ல வரைபடம். சர்க்கரை ஆலைக்குத் திரும்பும் கரும்பு லாரி, வயல் வரப்பு, விறகு அடுப்பு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் விழலாம், எண் ஒன்றுதான். கல்யாண மண்டபத்தில் இருந்தார் என்பதை வைத்து ஒருவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று சொல்வதுபோல. முதல் பந்தியா, கடைசிப் பந்தியா? பரிமாறுபவர் அவர் இலைவரை வந்தாரா? சைக்கிள் மிதித்து வந்தவருக்குப் பசி அதிகம். மிதிப்பவர் இழுக்கும் மூச்சும் அதிகம்தான்.

வரலாறு கொஞ்சம்: இடவாரியாக மாசையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டும் முறையை 1982இலேயே புள்ளியியலாளர் நைஹுவா துவான் எழுதிவிட்டார். இடத்தையும் நேரத்தையும் குறிக்க அன்று டைரி, இன்று செல்போன்.

எனக்குப் பிடித்த வித்தை வேறு. விறகுக்குப் பதில் எரிவாயு அடுப்பு கொடுத்துப் பார்க்க இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த ‘ஹேப்பின்’ ஆய்வைத் தமிழ்நாட்டில் நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். கைக்குழந்தையின் உடம்பில் காற்றுமானியைக் கட்ட முடியாது. அதனால் சட்டையில் ஒரு சின்ன புளூடூத் வில்லை. அடுக்களையில் ஒரு பதிவுக்கருவியும் காற்றுமானியும், கூடத்திலும் அப்படியே. வில்லையின் சமிக்ஞை எந்தப் பதிவுக்கருவியில் பலமாக விழுகிறதோ, குழந்தை அங்கே. அந்த நேரத்தில் அந்த அறையின் மானி காட்டிய அளவுதான் குழந்தையின் பங்கு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: புளூடூத் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிவிடும். அம்மா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி நின்றால், அடுப்படியிலேயே இருக்கும் குழந்தை தள்ளி இருப்பதாகத் தெரியும். ஒரு நொடியின் பதிவை நம்பாமல், சில நிமிடங்களின் சராசரியை எடுக்க வேண்டியிருக்கிறது.

அதே ஆய்வில் கர்ப்பிணிகள் மானியைத் தாங்களே அணிந்தார்கள். 2022இல் வெளியான முடிவுப்படி, எரிவாயு அடுப்பு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் சராசரியாகக் கன மீட்டருக்கு 35 மைக்ரோகிராம். விறகிலேயே சமைத்தவர்களுக்கு 103. அடுத்தடுத்த வீட்டில் இப்படி இருவர் இருந்தால், வாசகரின் செயலி இருவருக்கும் ஒரே சிகரெட் கணக்கைத்தான் காட்டும்.