வாசலில் விடும் செருப்பு

சரக்கு விலையும் வரியும் பற்றியே எழுதிப் பழகிய நாம், இம்முறை செருப்பைப் பற்றி எழுதுகிறோம். முகூர்த்த நாட்கள் நெருங்கினால் காஞ்சிபுரம் பட்டுக் கடை வாசல்களில் செருப்பு குவிந்து கிடக்கும். நெசவாளர் வீட்டிலும், குழித்தறியில் வெறுங்காலால்தான் மிதிப்பலகையை மிதிப்பார்கள். நம் மளிகைக் கடையில் கல்லாவுக்கும் தராசுக்கும் பக்கத்தில் செருப்புக் காலோடு போக மாட்டோம். சிந்திய அரிசி காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று பெரியவர்கள் நிமிர்த்தி வைப்பார்கள். சனிக்கிழமை புதுச் செருப்பு வாங்க மாட்டார்கள். அதே சனிக்கிழமை கோயில் வாசலில் செருப்பு காணாமல் போனால், பீடை ஒழிந்தது என்பார்கள். (எடுத்துப் போனவன் பாடு என்ன என்று யாரும் கேட்டதில்லை.)

வாசலோடு நிற்கும் இதே பொருளுக்குச் சந்நிதியில் கிடைக்கும் மரியாதை வேறு. வரதராஜப் பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கும் சடாரி, பெருமாளின் திருவடி. 13ஆம் நூற்றாண்டில் காஞ்சித் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், திருவரங்கனின் பாதுகையைப் பற்றியே 1008 சுலோகங்கள் பாடினார். காளத்தியில் கண்ணப்ப நாயனார் செருப்புக் காலையே சிவபெருமான் கண்ணருகில் ஊன்றினார்.

ஆனால் எல்லார் காலிலும் செருப்பு இருக்க ஊர் சம்மதிக்கவில்லை. 1970 வாக்கில் எம் தகப்பனார் கடைக்குச் சேரியிலிருந்து ஒரு பெரியவர் சாமான் வாங்க வருவார். மற்றவர்கள் கடைப் படியில் செருப்பைக் கழற்றுவார்கள். அவர் தெருமுனையிலேயே கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். படி ஏற மாட்டார். சாமானைத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். கடைக்குள் வரவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். நாம் தடுக்கவில்லையே, அவராகத்தானே நிற்கிறார் என்று சொல்லிக்கொண்டோம். அதை மரியாதை என்றும் எண்ணிக்கொண்டோம். பொது இடத்தில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் செருப்பு அணிவதைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம். 2016 ஜனவரி 26இல்தான் அது நடப்புக்கு வந்தது. அவ்வளவு பிந்தியும் அப்படி எழுத வேண்டியிருந்தது.

அந்தப் பெரியவரின் பேரன் இப்போது கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சரக்கு நம்மிடம்தான் எடுக்கிறார். எல்லாரையும் போலப் படியில் செருப்பை விட்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கறாராக விலை பேசுகிறார். பாட்டனாரைப் பற்றி அவர் பேச்செடுத்ததில்லை, நாமும் எடுத்ததில்லை.