முப்பதில் பத்து போச்சு!

"எக்ஸ்சேஞ்ச்னா என்னடா? உனக்குப் பதிலா அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் நம்ம வீட்டுல வந்து தங்குவானா?"

எம்.பி.ஏ. படிக்கும்போது, 'ஒரு செமஸ்டர் மட்டும் ஜெர்மனியில் படிக்கப் போகிறேன்' என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. அம்மாவுக்குத் தெரிந்த எக்ஸ்சேஞ்ச், பழைய குக்கரைக் கொடுத்துவிட்டுப் புதுக் குக்கர் வாங்குவதுதான். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், பி.காம். படித்த எனக்கே உறைக்காத விஷயத்தை அம்மா கப்பென்று பிடித்திருக்கிறாள்! சமாசாரமே பண்டமாற்றுதான். இங்கிருந்து இரண்டு பேர் போனால் அங்கிருந்து இரண்டு பேர் வரலாம். அவரவர் ஃபீஸை அவரவர் கல்லூரியிலேயே கட்டிவிட வேண்டியது. பற்று ரெண்டு, வரவு ரெண்டு. (அங்கிருந்து யாரும் வராமல் இங்கிருந்தே ஆட்கள் போய்க்கொண்டிருந்தால் கணக்கு இடிக்கும். ஒப்பந்தம் ஊற்றிக்கொள்ளும்.)

ஃபீஸ்தான் இல்லையே தவிர, சோறும் வாடகையும் நம் தலையில். கையில் காசு இருக்கிறது என்று விசா கேட்கும்போதே காட்டியாக வேண்டும். அதற்கென்று ஒரு முடக்கப்பட்ட கணக்கு. பணம் நம்முடையது, ஆனால் மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க விடுவார்கள். 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 என்று நிர்ணயித்தார்கள். நான் போன காலத்தில் இதைவிடக் குறைவு. அதற்கே அப்பா பி.எஃப்.பில் கை வைத்தார்.

போன ஊர் லைப்சிக். 1765-இல் கதே என்கிற பதினாறு வயதுப் பையனைச் சட்டம் படிக்க அவனுடைய அப்பா அனுப்பிவைத்த ஊர். பையன் 1768-இல் உடம்புக்கு முடியாமல், பட்டம் வாங்காமலே வீடு திரும்பினான். பின்னால் ஜெர்மனியின் மகாகவி ஆனார் என்பது வேறு கதை. நான் இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

முதல் நாள். பத்து மணி வகுப்புக்கு ஒன்பது ஐம்பதுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பத்தாச்சு... ஈ, காக்காய் இல்லை. 'சரிதான், ஸ்டிரைக் போலிருக்கிறது' என்று பையை எடுத்தேன். பத்தேகாலுக்கு மொத்தக் கும்பலும் உள்ளே வந்தது, பின்னாலேயே புரொபசர்! விசாரித்தால், டைம்டேபிளில் பத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. லத்தீன் சுருக்கம். அது இருந்தால் கால் மணி கழித்துத்தான் வகுப்பு. 'எஸ்.டி.' என்று போட்டிருந்தால் மட்டும் டாண் என்று பத்து. ஜெர்மன்காரர்களின் நேரம் தவறாமை பற்றி நம் ஆபீஸில் லெக்சர் அடிப்பவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேஜையை 'டொக் டொக்' என்று தட்டினார்கள். கோபம் என்று நினைத்தேன். அதுதான் கைதட்டலாம்!

மார்க் விவகாரம் அதைவிட வேடிக்கை. அங்கே 1.0 தான் உச்சம். 4.0 வரை பாஸ். 5.0 வாங்கினால் அம்பேல். ஃபோனில் பெருமையாகச் சொன்னேன்: "அப்பா, 1.7 வாங்கியிருக்கேன்!"

மறுமுனையில் நீண்ட மௌனம். பிறகு மெதுவாக, "எத்தனைக்குடா?"

மார்க்கை விடுங்கள். ஊருக்கு எடுத்துவர வேண்டியது கிரெடிட். ஐரோப்பியக் கணக்கில் வருடத்துக்கு 60, செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக, ஒரு செமஸ்டர் என்பது 750 மணி நேரத்துக்கும் மேல். அவ்வளவையும் நம் ஊர்க் கல்லூரி 'செல்லும்' என்று ஒப்புக்கொண்டால்தான் காசு. இல்லையென்றால் வெறும் சுற்றுலா.

இந்த வயிற்றெரிச்சல் எனக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. சோஃபியா கொராடி என்ற இத்தாலியப் பெண்மணி. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பை முடித்துவிட்டு 1958-இல் ரோமுக்குத் திரும்புகிறார். அவருடைய பல்கலைக்கழகமோ, 'அதெல்லாம் இங்கே கணக்கில் சேராது' என்று கைவிரித்துவிட்டது. அம்மணி விடவில்லை. 1969-லிருந்து அமைச்சகம், மாநாடு என்று மனுவும் கையுமாக அலைந்தார். 1987-இல் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்தது. முதல் வருடம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். 'எராஸ்மஸ் அம்மா' என்றே அவரைக் கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில், 91 வயதில் காலமானார்.

என் கதைக்கு வருகிறேன். கிளம்பும் முன்பே ஆறு பேப்பரைப் பட்டியல் போட்டு, நான், இந்தக் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்று கையெழுத்தும் வாங்கியிருந்தேன். பக்கா! ஆனால் அங்கே போனால் இரண்டு பேப்பர் முழுக்க ஜெர்மன் மொழியில். வேறு இரண்டை மாற்றிக்கொண்டேன். மாற்றியதற்கும் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதிலும் அந்த மூன்று கையெழுத்து வேண்டும். 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் வந்து இறங்கினேன். இங்கே நாலாவது செமஸ்டர் ஜனவரியிலேயே ஆரம்பமாகி, அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே பல்லை இளித்தது. கல்லூரி ஆபீஸில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பட்டியலைப் பார்த்தவர், "தம்பி, இந்த ரெண்டு பேப்பருக்கு அப்ரூவல் எங்கே?" என்றார்.

"சார், பாஸ் பண்ணிட்டேன் சார். ஒண்ணுல 1.7!"

"1.7-ஆ..?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை.

முப்பதில் பத்து கிரெடிட் போச்சு. இரண்டு அரியர். கேம்பஸில் கிடைத்த வேலையோ, 'ஜூனில் அரியர் இல்லாமல் வந்து சேரவும்' என்ற நிபந்தனையோடு. மே மாதம் ஜூனியர் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த இரண்டையும் எழுதினேன். ரிசல்ட் ஜூலையில் வந்தது. பாஸ்தான், ஆனால் வேலை கை நழுவிவிட்டது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பி.எஃப். பாஸ்புக்கை மட்டும் ஒருநாள் ராத்திரி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த 1.7-ஐ இன்றைக்கு நினைத்தாலும் கசக்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்போது அதே ஊரில் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறான். போன வாரம் வாட்ஸ்அப் செய்தி: 'அண்ணே, ஊர் சூப்பர்! ஒரு பேப்பர் போர் அடிச்சுது, வேற மாத்திட்டேன்!'

'கையெழுத்து வாங்கினியா?' என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதில்தான் இன்னும் வரவில்லை.