255-க்கு மேல் எண்ண முடியாத படம்

ஹுத்தான் மெலிந்தாங்கைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கருமை கலந்த ஊதா என்றால் காய், செம்மஞ்சள் என்றால் பழம் என்று எங்கள் ஊரில் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். காய்க்குலை ஆலைக்குப் போனால் விலை குறையும். (உதிர்ந்த பழங்களையும் எண்ண வேண்டும் என்பது மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதி, அது வேறு கதை.) நிறத்தை வைத்துக் கணினி இதைச் சொல்லுமா என்பதே என் இறுதியாண்டு ஆய்வு.

கணினிக்கு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் எனும் மூன்று எண்கள். சாதாரணப் படத்தில் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். அதாவது 0 முதல் 255 வரை. சேமிக்க இது போதும். கணக்குப் போடத்தான் போதாது.

ஒரே குலையின் இரு படங்களுக்குச் சராசரி எடுப்போம். சிவப்பு ஒன்றில் 200, மற்றதில் 180. கூட்டினால் 380, அதற்கு 8 பிட்டில் இடமில்லை. பைத்தானின் நம்பை 256-ஐக் கழித்து 124 என்று வைத்துக்கொள்ளும். பாதி 62. வரவேண்டியதோ 190! பழம் காயாகிவிட்டது. ஓப்பன்சிவியின் கூட்டல் கட்டளை 255-இல் நிறுத்திவிடும், பாதி 127. இதுவும் தவறுதான், ஆனால் நம்பும்படி இருக்கும். ஆகவே இதுவே ஆபத்தானது என்பேன்.

இருண்ட பகுதியில் வேறு சிக்கல். 37-ஐ 10-ஆல் வகுத்து முழு எண்ணாக வெட்டினால் 3. திரும்பப் பெருக்கினால் 30. இப்படி 30 முதல் 39 வரை பத்து நிறங்களும் ஒன்றாகிவிடும்.

பெட்டிகளைக் கோட்டால் இணைத்து நிரல் அமைக்கும் மென்பொருள்களில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. ஆகவே நண்பர்களே, முதல் பெட்டியிலேயே 255-ஆல் வகுத்து, 32 பிட் தசம எண்ணாக மாற்றிவிடுங்கள். கடைசியில் சேமிக்கும்போது மட்டும் 255-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். நினைவகம் நான்கு மடங்கு பிடிக்கும். 12 மெகாபிக்சல் படம் 36 மெகாபைட்டிலிருந்து 144 ஆகும். ஆய்வுக்கூடக் கணினிக்கு அது ஒரு பாரமில்லை.