தண்டவாளம் கற்றுத் தந்த வேதியியல்

எதிர் வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் தேறவில்லை. "சயின்ஸை விட்டு காமர்ஸில் சேர்த்துவிடலாமா, சார்?" என்று அவள் தந்தை கவலையோடு கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. 2003-ல் என் மகனும் இதே வகுப்பில், இதே பாடத்தில்தான் தடுமாறினான். "புரியாவிட்டால் மனப்பாடம் பண்ணு!" என்று அதட்டினேன். அவன் காமர்ஸுக்கு மாறிவிட்டான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான் என்றாலும், அந்த அதட்டல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் அனுப்புங்கள்" என்றேன். நான் டிப்ளமா படித்து, ரயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன், ஆசிரியன் அல்ல. அதனால் பாடம் நடத்தாமல், கேள்வி கேட்டேன்.

"மோல் என்றால் என்னம்மா?"

ஆங்கிலத்தில் பிசகாமல் ஒப்பித்தாள். "இதையே நம் வீட்டுத் தமிழில் சொல்லு" என்றதும் திகைத்தாள். பிறகு, "அது ஒரு எடை, தாத்தா" என்றாள்.

சிக்கல் எங்கே என்று புரிந்தது. மோல் எடையல்ல, எண்ணிக்கை. டஜன் என்பது போல. டஜன் என்றால் 12. மோல் என்றால் 602-க்குப் பின் 21 சைபர் போட்டது போன்ற ஒரு பேரெண். ஆனால் இதை நான் உடனே சொல்லவில்லை. கொண்டைக்கடலையில் நூறு, உளுந்தில் நூறு எண்ணச் சொல்லி, சமையலறைத் தராசில் நிறுக்க வைத்தேன். "எண்ணிக்கை ஒன்றுதான், எடைதான் வேறே!" என்று அவளே கூவினாள். ஒரு மோல் அலுமினியம் 27 கிராம், ஒரு மோல் இரும்பு 56 கிராம் என்பதன் பொருள் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அடுத்த வாரம் என் பழைய தொழிலுக்கு வந்தேன். இரண்டு தண்டவாளங்களை இணைக்க 2 பிஷ் பிளேட், 4 போல்ட் வேண்டும். "கையில் 12 பிளேட், 20 போல்ட். எத்தனை இணைப்பு போடலாம்?" தாளில் படம் போட்டுப் பார்த்து, "ஐந்துதான். போல்ட் தீர்ந்துவிடும், இரண்டு பிளேட் மிஞ்சும்" என்றாள். முதலில் தீர்ந்துபோகும் பொருள்தான் வினையை நிறுத்துகிறது என்ற பாடம் இதுவே.

கடைசியாக, தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மிட் வினை. ஒரு பங்கு இரும்பு ஆக்சைடு, இரண்டு பங்கு அலுமினியம் என்கிறது சமன்பாடு. "அப்படியானால் ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோவா?" என்று கேட்டேன். முன்பானால் தலையாட்டியிருப்பாள். இப்போது கணக்குப் போட்டாள்: 160 கிராம் ஆக்சைடுக்கு 54 கிராம் அலுமினியம்; ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. கிடைப்பது 112 கிராம் இரும்பு, 102 கிராம் அலுமினிய ஆக்சைடு. இரு பக்கமும் 214 கிராம்! உண்மையைச் சொன்னால், கலந்து வந்த பொட்டலத்தை எத்தனையோ முறை பயன்படுத்திய எனக்கே அந்த விகிதத்தின் காரணம் அன்றுதான் தெளிவாயிற்று. (இரும்பு உருகி ஓடும் வினை இது. தாளில் மட்டுமே செய்து பார்க்க வேண்டும்.)

குழந்தை காலிப் பாத்திரமல்ல. தனக்குத் தெரிந்ததன் மேல்தான் புதியதைக் கட்டிக்கொள்கிறது என்பதைக் கல்வியாளர்கள் 'கன்ஸ்ட்ரக்டிவிசம்' என்கிறார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இக்கருத்துக்கு அடித்தளமிட்டவர். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டமும் இதையே வலியுறுத்தியது. அடித்தளம் கோணலாக இருந்தால் மேலே எத்தனை ஒப்பித்தாலும் நிற்காது. கோணலைக் கண்டுபிடிக்க, முதலில் கேட்க வேண்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், இந்தியில் விளையாடுகிறார்கள். படித்ததை வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். புரிந்தது எது, ஒப்பித்தது எது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பெண் ஆண்டுத் தேர்வில் தேறிவிட்டாள், சயின்ஸிலேயே தொடர்கிறாள். தொலைபேசியில் மகனிடம் இதைச் சொன்னேன். சற்று மௌனம். பிறகு சிரித்துக்கொண்டே, "எனக்கும் அன்றைக்கு நாலு கடலையை எண்ணக் கொடுத்திருக்கலாமேப்பா!" என்றான்.