புதுப் படகா, பழம் படகா?

கடலோரக் கிராமங்களிலுள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கங்களில் கடன் மனுக்கள் ஆலோசனைக்கு வரும்பொழுது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. அங்கத்தினர் ஒருவர் புதிதாகப் படகு கட்டுவிப்பது நலமா, அல்லது பிறர் விற்கும் பழம் படகை வாங்குவது நலமா என்பதே அது. பழம் படகின் விலை குறைவு, கடனும் குறைவு, வாங்கிய மறுநாளே கடலுக்குச் செல்லலாம். ஆகவே பழையதே ஏழைக்கு ஏற்றது என்று சிலர் எண்ணுகின்றனர். பழம் படகு என்றாலே தொல்லை என்று வேறு சிலர் அதனைத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு முடிவுகளும் கணக்குப் பார்த்துச் செய்தவை அல்ல.

இந்நாட்டில் விவசாயக் கடன் பாங்குகளை ஏற்படுத்துவது பற்றி 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் விரிவான அறிக்கை எழுதிய ஸர் பிரடரிக் நிக்கல்ஸன் அவர்களே, 1905-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின் மீன்பிடி தொழிலை ஆராயும் பொறுப்பையும் ஏற்றார். கடனைப் பற்றிய சிந்தனையும் கடற்றொழிலைப் பற்றிய சிந்தனையும் நம் கரையில் தொடக்க காலத்திலேயே சேர்ந்து நடந்தவை. படகு வாங்கும் விஷயத்தில் இவ்விரண்டையும் இன்றும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

உண்மையான விலை எது?

விற்பவர் கேட்கும் தொகை படகின் விலையே அன்றிப் படகின் செலவு ஆகாது. படகு இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும், வாங்கியவுடன் அதற்குப் பழுது பார்க்க என்ன ஆகும், கடைசியில் விற்றால் என்ன தேறும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மைச் செலவு விளங்காது. விலையோடு பழுதுபார்க்கும் செலவைக் கூட்டி, கடைசியில் தேறும் தொகையைக் கழித்து, மீதியை உழைக்கும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். வருவது ஓர் ஆண்டின் செலவு.

விளக்கத்துக்காக மூன்று பைபர் படகுகளை எடுத்துக்கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. மோட்டாரும் வலையும் இவற்றில் சேரா. அங்கத்தினர்கள் தங்கள் கரையின் விலையை இவ்விடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதற் படகு புதியது. விலை ரூ. 3,00,000. பத்து ஆண்டு உழைத்தபின் ரூ. 30,000 தேறும். ஆண்டுச் செலவு ரூ. 27,000.

இரண்டாம் படகு மிகப் பழையது. விலை ரூ. 1,20,000. பழுதுபார்க்க ரூ. 45,000. மூன்று ஆண்டுக்குமேல் உழைக்காது, பின்பு ரூ. 15,000 தேறும். ஆண்டுச் செலவு ரூ. 50,000.

மூன்றாம் படகு கட்டி இரண்டு ஆண்டே ஆனது; தொழிலை விட்டுச் செல்லும் ஒருவர் விற்கிறார். விலை ரூ. 2,00,000. சில்லறைப் பழுதுக்கு ரூ. 14,000. எட்டு ஆண்டு உழைத்தபின் ரூ. 30,000 தேறும். ஆண்டுச் செலவு ரூ. 23,000.

பாதி விலைக்கும் குறைவாகக் கிடைத்த இரண்டாம் படகே மூன்றிலும் அதிகச் செலவு வைக்கிறது. ஆனால் மூன்றாவதும் பழம் படகுதான். அதுவே மூன்றிலும் மலிவானது. ஆகவே புதிது, பழையது என்ற பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், இனி உழைக்கும் ஆண்டுகளைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். படகு பழுதுக்காகக் கரையில் கிடக்கும் நாட்களின் நஷ்டம் இக்கணக்கில் சேரவில்லை. அந்நாட்களில் படகுக்காரருக்கு மட்டுமன்றிப் பங்காளிகள் அனைவருக்கும் வருமானம் நின்றுபோகிறது என்பதை மறத்தலாகாது.

முன்பணத்தின் விலை

சங்கத்துக் கடனுக்குக் காத்திராமல், மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றுப் பழம் படகு வாங்குவோர் உண்டு. அதற்கு வட்டி இல்லை என்பார்கள். ஆனால் பிடித்த மீனையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. பிறருக்குக் கிடைக்கும் விலையைவிட நூற்றுக்கு எட்டு ரூபாய் குறைவாகக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ரூ. 2,500 பெறுமான மீன் பிடிப்பவர் தினமும் ரூ. 200 இழக்கிறார். ஆண்டில் 200 நாள் கடலுக்குச் சென்றால் இழப்பு ரூ. 40,000. மூன்று ஆண்டில் ரூ. 1,20,000. இது மேற்கூறிய இரண்டாம் படகின் முழு விலை. இவ்வளவு கொடுத்த பின்னும் வாங்கிய முன்பணம் ஒரு ரூபாயும் குறையாமல் நிற்கும்; படகோ உழைத்துத் தேய்ந்துவிட்டிருக்கும். அப்பொழுது அடுத்த படகுக்கும் அதே வியாபாரியிடம் போவதைத் தவிர வேறு வழி இராது. தகப்பன் பெற்ற முன்பணம் மகன் காலத்திலும் தீராமல் நிற்பது இவ்வாறுதான். மலிவாகத் தோன்றும் படகு, பிடித்த மீனைத் தன் இஷ்டப்படி விற்கும் உரிமையையே விலையாகக் கேட்குமாயின், அதைவிட விலை உயர்ந்த படகு கரையில் வேறொன்று இல்லை.

பழம் படகைப் பரிசோதித்தல்

விற்பனைக்கு வரும் படகு பெரும்பாலும் புதுப் பூச்சுடன் வரும். பூச்சின் அழகைக் கண்டு மயங்காமல் அடியிற் கண்டவாறு பரிசோதிக்க வேண்டும்.

பைபர் படகாயின், சிறு மரச்சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் மெல்லத் தட்டிப் பார்க்கவும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கண்ணாடி நார் அடுக்கடுக்காகப் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மேற்பூச்சில் கொப்புளங்கள் இருந்தால் நீர் உள்ளே ஊறியிருக்கிறது. நட்சத்திரம்போல் பிளந்த கீறல்கள் மோதிய அடையாளங்கள். மணற்கரையில் அலையோடு வந்து ஏறும் படகுகளுக்கு ஏராவும் அணியத்தின் அடிப்பாகமுமே முதலில் தேயும். அவ்விடங்களை விரலால் தடவிப் பார்க்கவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மோட்டார் மாட்டும் பின்பலகை. பைபருக்கு உள்ளே மரப்பலகை வைத்துக் கட்டியிருந்தால், திருகாணித் துளைகள் வழியே நீர் புகுந்து அம்மரம் மக்கியிருக்கக்கூடும். மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். பலகை வளைந்தாலோ, மூலைகளில் கீறல் விரிந்தாலோ, அப்படகு பெரும் பழுதுக்கு உரியது. இத்தகைய பலகையில் புது மோட்டாரை மாட்டினால் மோட்டாரும் போம். நடுக்கடலில் ஆளுக்கும் ஆபத்து.

படகு நீர் நிறைந்தாலும் மூழ்காமலிருக்கும் பொருட்டு வைத்த மிதவை அறைகளையும் கவனிக்க வேண்டும். அவை உடைந்து உள்ளிருக்கும் பஞ்சுபோன்ற பொருள் நீரை உறிஞ்சியிருந்தால் படகு கனத்துவிடும். வழக்கமாக எட்டுப்பேர் கரையேற்றும் அளவுள்ள படகுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தால் காரணம் கேளுங்கள். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு உதவி வரும்வரை உயிர்தப்புவது அந்த அறைகளின் பலத்தாலேயே. இந்தப் பழுதுக்காக விலையைக் குறைத்துப் பேசுவது போதாது. சரிசெய்து முடிக்கும்வரை அப்படகைக் கடலில் இறக்கலாகாது.

மர வள்ளமாயின், கூரிய ஊசியால் பலகைகளை ஆங்காங்கே குத்திப் பார்க்கவும். ஊசி எளிதில் இறங்கும் இடத்தில் மரம் மக்கியிருக்கும், அல்லது கடற்புழு துளைத்திருக்கும். வெளியே ஊசித்துளைபோல் தோன்றும் புழுவின் வாயில் உள்ளே விரல் பருமனாக விரிந்திருக்கக்கூடும். ஆணிகளைச் சுற்றித் துரு வழிந்திருந்தால் வங்குக்கால்களும் பலகைகளும் தளர்ந்திருக்கும். கலப்பத்து புதிதாயிருந்தால் மட்டும் போதாது. பலகை ஓரங்கள் அதனைத் தாங்குமாறு உறுதியாக இருத்தல் வேண்டும்.

எவ்வகைப் படகாயினும் கரையில் நிறுத்தி, உள்ளே சில விரற்கடை நீர் ஊற்றி வெளியே கசிவு உண்டா என்று பார்க்கலாம். பின்பு உட்புறத்தை நன்றாகத் துடைத்து, ஓர் இரவு நீரில் மிதக்கவிட்டுக் காலையில் சேர்ந்திருக்கும் நீரை அளக்கவும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அதுவே போதிய விடை.

மோட்டாரைக் குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை பொறுத்திருங்கள். குளிர்விக்கும் நீர் தடையின்றி வெளிவருகிறதா என்று கவனிக்கவும். அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் கடல்நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த மோட்டாருக்கு உதிரிப் பாகங்கள் அருகிலுள்ள ஊரில் கிடைக்குமா என்பதையும் விசாரிக்கவும். மோட்டாரின் ஆயுள் பெரும்பாலும் படகின் ஆயுளைவிடக் குறைவாதலால், அதன் விலையையும் செலவையும் தனியே கணக்கிடல் வேண்டும்.

கட்டிய ஆண்டும் கட்டிய இடமும் கேட்டறிய வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின்பு, இழந்த படகுகளுக்கு ஈடாக மிகுந்த அவசரத்தில் பல பைபர் படகுகள் கட்டப்பட்டன. அவற்றில் வேலை குறைபட்டனவும் உண்டு. நல்லவையும் இப்பொழுது இருபது ஆண்டைக் கடந்துவிட்டன.

பத்திரங்கள்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன்படி மீன்பிடி படகுகள் பதிவு செய்யப்படல் வேண்டும். மீன்பிடிக்க உரிமமும் வேண்டும். படகில் எழுதிய எண்ணும் பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கவும். மோட்டாரின் எண்ணையும் ஒப்பிடவும். படகின்பேரில் பாங்கிலோ வேறு சங்கத்திலோ கடன் நிற்கிறதா என்று எழுத்துமூலம் கேட்டறியவும். அரசாங்க மானியத்தில் பெற்ற படகாயின், அதனை விற்பதற்கு நிபந்தனை இருக்கக்கூடும். மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். பதிவு தம் பெயருக்கு மாறும்வரை, கையில் படகு இருந்தாலும் உரிமை முழுமையாகக் கிட்டியதாக எண்ணலாகாது. எரிபொருள் சலுகைக்கும் காப்புறுதிக்கும் அப்பதிவே ஆதாரம்.

புதுப் படகிலும் கவனம் வேண்டும்

புதிது என்பதனாலேயே படகு நல்லதாகிவிடாது. நீளம், அகலம், அடிப்பாகத்தின் கனம், கண்ணாடி நாரின் அடுக்குகள், மிதவை அறைகள் ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வேலை நடக்கும்பொழுதே இரண்டு மூன்று முறை சென்று பார்க்க வேண்டும். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடாமல், வேலையின் படிகளை ஒட்டிப் பகுதி பகுதியாகக் கொடுப்பது முறை. நீர் வடியும் துளை இடும்பொழுது வெட்டியெடுத்த துண்டை வாங்கி வைத்துக்கொண்டால், படகின் கனம் சொன்னபடி இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அயலார் பெரிய படகு கட்டினார் என்பதற்காகத் தம் வலைக்கும் தம் கரைக்கும் மிஞ்சிய படகைக் கட்டுவது வீண் கடனுக்கு வழி.

கடனும் தவணையும்

மேற்கூறிய புதுப் படகுக்கு ரூ. 30,000 சொந்தப் பணமும் ரூ. 2,70,000 கடனும் என்று கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணையாயின், முதலாண்டில் அசல் ரூ. 54,000, வட்டி ரூ. 24,300, ஆக ரூ. 78,300 கட்ட வேண்டும். கடலுக்குச் செல்லும் நாள் 200 எனில், நாளொன்றுக்குச் சுமார் ரூ. 392. எரிபொருள் போக, பங்காளிகளின் பங்கு போக, பழுதுக்கென ஒதுக்கியது போக, படகின் பங்கிலிருந்து இத்தொகை மிஞ்சுமா? மிஞ்சாதெனில் புதுப் படகு எவ்வளவு உறுதியாயினும் அவருக்கு இப்பொழுது ஏற்றதன்று. நன்கு பரிசோதித்த, வயது குறைந்த பழம் படகே அவருக்குத் தக்கது.

சங்கத்து நிர்வாக சபையார் கைக்கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு. கடன் தவணை படகின் மிச்ச ஆயுளைவிட நீளலாகாது. மூன்று ஆண்டு உழைக்கும் படகுக்கு ஐந்து ஆண்டுத் தவணை அளிப்பது உதவி போலத் தோன்றும். முடிவில் அங்கத்தினர் இல்லாத படகுக்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பார். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடை உள்ளது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்திலும் பல நாட்கள் கடலேற இயலாது. மாதந்தோறும் சமத் தொகை கேட்பதைவிட, மீன்பாடு உள்ள மாதங்களில் அதிகமாகவும் இல்லாத மாதங்களில் குறைவாகவும் தவணை வகுப்பது நியாயம். அதனால் அங்கத்தினர் நாணயமும் கெடாது. சங்கத்துப் பணமும் நிலுவையில் நிற்காது.

பழம் படகுக்குக் கடன் வழங்குமுன், படகு கட்டும் தொழிலாளி ஒருவர், மோட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவர், அனுபவமுள்ள மீனவர் ஒருவர் ஆகிய மூவரைச் சங்கமே அனுப்பிப் பார்த்துவரச் செய்யலாம். இம்மூவரும் விற்பவருக்கு உறவினராகவோ கடன்பட்டவராகவோ இருத்தலாகாது. அவர்கள் மதிப்பிடும் மிச்ச ஆயுளையும் பழுதுச் செலவையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்து வரும் மனுக்களுக்கும் அது வழிகாட்டியாகும். தனி ஒருவர் தம் ஆசையையும் அவசரத்தையும் மட்டும் துணைகொண்டு செய்யும் முடிவைப் பலருடைய அறிவுகொண்டு செய்வதே கூட்டுறவின் பயன்.

ஆகவே படகு வாங்க விரும்பும் அங்கத்தினர், விலை கேட்பதற்கு முன்பு மூன்று கேள்விகளுக்கு விடை காண்பாராக: இது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும்? ஓர் ஆண்டுக்கு என்ன செலவாகும்? இதற்காகப் பெறும் பணம் என் மீனை யாருக்கேனும் அடிமைப்படுத்துமா? மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்தால், படகு புதிதாயினும் பழையதாயினும் தயக்கமின்றி வாங்கலாம்.