நகைச்சுவைச் சித்திரங்களும் நெல்வயலின் உயிரினங்களும்

ஹைதராபாத் நகரிலிருந்து உப்பல் நோக்கிச் செல்லும் சாலையில் ஹப்சிகுடா அமைந்துள்ளது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த மூன்று ஆய்வு நிலையங்கள் இப்பகுதியில் அருகருகே இருக்கின்றன. அவற்றுள் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும், தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையமும், இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிலையமும் அடங்கும். பள்ளி மாணவர்களை ஆய்வுக்கூடங்களோடு இணைக்கும் ‘ஜிக்ஞாசா’ திட்டத்தைக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டில் தொடங்கியது. மேல்வகுப்பு மாணவர்க்கு இத்தகைய திட்டங்கள் பெரிதும் பயன்படும். ஆனால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியுள்ள ஆறேழு வயதுக் குழந்தைக்கு ஆய்வுக்கூடம் எட்டாத இடம். அக்குழந்தையின் கைக்கு எட்டும் விஞ்ஞான நூல் சித்திரக் கதையே ஆகும்.

வயலில் வாழும் உயிரினங்களைப் பற்றிய அறிவை இவ்வளவு சிறு வயதிலேயே புகட்ட வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். தமிழில் ‘பூச்சி மருந்து’ என்கிறோம். தெலுங்கிலும் மருந்து என்று பொருள்படும் ‘மந்து’ என்னும் சொல்லையே வழங்குகின்றனர். உயிரைக் கொல்லும் நஞ்சுக்கு இரு மொழிகளும் நோய் தீர்க்கும் பொருளின் பெயரை இட்டிருக்கின்றன. இச்சொல்லைக் கேட்டு வளரும் குழந்தை, பூச்சி அனைத்தும் நோய் என்றும், குப்பியிலுள்ளது அதன் மருந்து என்றும் கருதுவதில் வியப்பில்லை. உழவர் வீட்டுக் குழந்தையாயின், அக்குப்பி காலியானபின் விளையாட்டுப் பொருளாகவும் மாறக்கூடும். எனவே இக்கல்வி குழந்தையின் உயிரையே பொறுத்த ஒன்றாகும்.

நெல்வயலில் காணப்படும் பூச்சிகளுள் பயிரை உண்பவை ஒரு பகுதியே. பிறவற்றில் பல, பயிரை உண்பவற்றை உண்டு வாழ்கின்றன. ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரைகள் வரை கொல்லவல்லது. தும்பியின் இளம் பருவம் நீருக்கடியில் கொசுப் புழுக்களைத் தின்று வளர்கிறது. டிரைக்கோகிரம்மா என்னும் நுண்ணிய குளவி, தீங்கு செய்யும் பூச்சிகளின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடுகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987-இல் வெளியிட்ட ‘நெல் உழவரின் நண்பர்கள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய சிறு நூல், இவற்றைப் படங்களுடன் விளக்கிப் பல மொழிகளில் பரவியது. அது வளர்ந்தோர்க்காக எழுதப்பட்டது. அதே செய்தியைக் குழந்தைக்குச் சொல்லும்போது, படத்தோடு சிரிப்பும் சேர வேண்டும்.

அச்சிரிப்பு எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதே முக்கியமான கேள்வி. புழுவுக்கு மீசையும் சிலந்திக்குத் தொப்பியும் வரைந்து சிரிக்கவைப்பது எளிது. ஆனால் சிரித்து முடித்த குழந்தையின் மனத்தில் அதனால் எதுவும் எஞ்சுவதில்லை. வயலில் நிகழும் உண்மையிலேயே போதிய நகைச்சுவை இருக்கிறது. 1980-இல் தொடங்கப்பட்ட ‘டிங்கிள்’ இதழில் புகழ்பெற்ற சுப்பாண்டியை எண்ணிப் பாருங்கள். இட்ட கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிக் காரியத்தைக் கெடுப்பவன் அவன். தமிழ்நாட்டு வழக்கிலிருந்து தோன்றிய பாத்திரம் என்பதால் நமக்கு நெருங்கியவனும் ஆவான். அத்தகைய வேலையாள் ஒருவனிடம், “வயலில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது” என்று முதலாளி கட்டளையிடுவதாக வைத்துக்கொள்வோம். அவன் சிலந்தி, தும்பி, பொறிவண்டு ஆகிய அனைத்தையும் ஒழித்துவிட்டுப் பெருமையுடன் நிற்கிறான். புகையானின் முட்டைகளோ இலையுறைத் திசுவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவை பொரித்து வெளிவரும்போது தடுப்பார் எவருமில்லை. கடைசிக் கட்டத்தில், புகைபட்டதுபோல் காய்ந்த வயலும் திகைத்து நிற்கும் முதலாளியும் காணப்படுகின்றனர்.

இது வெறும் கற்பனையன்று. இந்தோனேசியாவில் நஞ்சு தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியது. அந்நாட்டு அரசு 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது; 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளையும் நடத்தத் தொடங்கியது. நம் நாட்டிலும் தவளைக் கால்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்தோம். பூச்சிகளைத் தின்னும் தவளையை விற்றுவிட்டு, பூச்சிகளைக் கொல்ல நஞ்சு வாங்கிய அந்த வாணிபம் 1987-இல் தடைசெய்யப்பட்டது. இதைக் காட்டிலும் சிறந்த நகைச்சுவையைச் சித்திரக்காரர் எவரும் புனைய இயலாது.

ஹப்சிகுடாவை அடுத்துள்ள இரசாயனத் தொழில்நுட்ப நிலையம் ஆராய்ந்துவரும் பொருள்களுள் இனக்கவர்ச்சிப் பொருளும் ஒன்று. பெண் அந்துப்பூச்சி வெளியிடும் மணத்தை ஒத்த பொருளைப் பொறியில் வைத்தால், ஆண் அந்து மணமகளைத் தேடிவந்து பொறியில் விழுகிறது. மாலையும் மேளமுமாக வந்து ஏமாறும் மாப்பிள்ளையாக அதை வரையலாம். குழந்தை சிரிக்கும், ஒவ்வொரு பூச்சியினத்துக்கும் தனித்த மணம் உண்டு என்பதையும், ஆகவே இப்பொறி சிலந்திக்கும் தும்பிக்கும் தீங்கு செய்யாது என்பதையும் கூடவே அறிந்துகொள்ளும். தெலுங்கானாவின் புனுகுல கிராமத்து உழவர்கள் இரண்டாயிரத்தை அடுத்த ஆண்டுகளில் பூச்சிக்கொல்லியைக் கைவிட்டபோது, வேப்பங்கொட்டைக் கரைசலோடு இத்தகைய பொறிகளும் அவர்களுக்குத் துணை நின்றன.

சித்திரம் வரைவோர் சில வரம்புகளைப் பேணுதல் நன்று. சிலந்திக்கு எட்டுக் கால்கள், பூச்சிக்கு ஆறு கால்கள் என்னும் கணக்கு தவறக் கூடாது. பயிரைத் தின்னும் புழுவைத் தீயவனாகவும், அதைத் தின்னும் குளவியை நல்லவனாகவும் காட்டலாகாது. இரண்டும் தத்தம் பசிக்கே உண்கின்றன. எல்லாப் பூச்சியும் நண்பனே என்னும் மறுபுறத் தவறும் வேண்டாம். புகையான், பொறிவண்டு என உழவர் வழங்கும் பெயர்களையே கையாள வேண்டும். ‘மருந்து’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நஞ்சு’ என்றே எழுத வேண்டும்.

பூச்சியைக் கண்டவுடன் நசுக்கும் கை சற்றே தயங்கி, “இது எதைத் தின்னும்?” என்று வினவுமாயின், அச்சித்திரக் கதை தன் பணியைச் செய்துவிட்டது எனலாம். அவ்வினாவுக்கு விடையளிக்கும் பொறுப்பு ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் சார்ந்தது.