ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பழைய பழத்தோட்டங்களில் ஆர்சனிக்கும் ஈயமும் தேங்கியிருக்கக்கூடிய நிலம் ஏறத்தாழ 1,87,000 ஏக்கர் என்பது அரசுத் தரப்பு மதிப்பீடு. யாக்கிமா, வெனாச்சி வட்டாரங்களில் அந்த ஆப்பிள் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன.

காரணம் ஈய ஆர்சனேட். 1892இல் மாசசூசெட்ஸில் அறிமுகமான இந்தப் பூச்சிமருந்தை, ஆப்பிளைக் குடையும் புழுவுக்காக ஆண்டுதோறும் பலமுறை தெளித்தார்கள். 1940களின் பிற்பகுதியில் டிடிடி வந்த பிறகே அது குறைந்தது. மருந்தின் எடையில் ஈயம் சுமார் 60 சதவீதம், ஆர்சனிக் 22 சதவீதம். இரண்டும் மட்காதவை, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டன.

குடியிருப்பு மண்ணுக்கு மாநிலம் வைத்த வரம்பு, கிலோவுக்கு ஆர்சனிக் 20 மில்லிகிராம், ஈயம் 250. மருந்தில் ஆர்சனிக்கைவிட ஈயம் 2.8 மடங்குதான், வரம்பிலோ 12.5 மடங்கு. எனவே முதலில் எல்லை தாண்டுவது ஆர்சனிக்.

10,000 சதுர அடி மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் அடி ஆழத்துக்கு மேல்மண் 10,000 கன அடி. நம் கட்டுமானக் கணக்கில் 100 யூனிட், எடை சுமார் 425 டன். ஆர்சனிக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இருந்தால், அந்த ஒரு மனையில் மட்டும் 25 கிலோவுக்கு மேல் ஆர்சனிக் கிடக்கிறது. லாரிக்கு 3 யூனிட் என்றால் அள்ளிப்போக 34 லோடு; நல்ல மண் கொண்டுவர இன்னொரு 34. இத்தகைய 40 மனைகளுக்கு, போக வர 2,700 லோடுக்கு அருகில்.

அள்ளாமல் ஆழ உழுது கலக்கலாமே? மாநிலம் 2021இல் வெளியிட்ட மாதிரித் தீர்வுகளில் அதுவும் உண்டு. அடிமண்ணில் இயற்கையாக 7 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். மேல்மண்ணில் 40 என்றால் மூன்று அடி கலந்ததும் 18, தேறிவிடும். 60 என்றால் மூன்று அடிக்கு 24.7, நான்கு அடிக்கு 20.25, இரண்டும் தேறாது. அப்போது அள்ளுவதோ மூடுவதோதான் வழி. எந்த வழி என்பதைச் சொல்வது ஆய்வகம் தரும் அந்த ஒற்றை எண். வழக்கமான முதற்கட்ட ஆய்வில் அது கிடைக்காது; பழைய வான்படங்களையும் ஆவணங்களையும் பார்த்து, இடத்தை நேரில் சுற்றிவருவதோடு அது முடிந்துவிடும். மண் எடுப்பது இரண்டாம் கட்டத்தில்.

அந்தக் கட்டம் புல்டோசர் இறங்கும் முன்னரே நடக்க வேண்டும். மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பிவிட்டால், ஒரு மனையின் நஞ்சு பக்கத்து மனையில் இரட்டிப்பாகக் குவியும். வீடு எழும்பிய பின் அள்ளுவது இன்னும் கொடுமை. வட கரோலினாவில் 438 ஏக்கர் பார்பர் ஆப்பிள் தோட்டம் அப்படித்தான் குடியிருப்பானது. 1999இல் தொடங்கிய அவசரப் பணியில் 28 வீட்டுமனைகளின் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். குழந்தைகள் விளையாடிய மண் அது. 2001இல் அந்த இடம் மத்திய அரசின் முன்னுரிமைத் துப்புரவுப் பட்டியலில் ஏறியது.

பழைய தோட்டத்தில் மனை வாங்குவோர், முன்பணம் கொடுக்குமுன் மண் எடுத்த இடங்களின் வரைபடத்தையும் ஆர்சனிக் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.